நம் பயணக் கட்டுரைகளில் ஊரும் உணவும்

மலேசியத் தமிழ் இதழ்களும் ஆண்டு மலர்களும் வெளியிட்டுள்ள பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவர்க்கு இரண்டு செய்திகள் புலப்படும். ஒன்று, நம்மவர் பாரிசுக்கோ இலண்டனுக்கோ சென்றால்தான் பேனாவைத் திறக்கின்றனர். மற்றொன்று, அங்கே போய்ச் சேர்ந்ததும் உணவைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். ஈபெல் கோபுரம் 1889ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது என்னும் செய்தி கட்டுரையில் தவறாமல் இடம்பெறும். அக்கோபுரத்தைக் கண்ட நாளில் என்ன உண்டார் என்று தேடினால், வீட்டிலிருந்து கொண்டுபோன ஊறுகாயும் முறுக்கும்தாம் கிடைக்கும். சைவ நெறியினரை இங்கு நான் சுட்டவில்லை, அது கொள்கை. மீனும் இறைச்சியும் உண்ணும் அன்பர்களே, அந்நாட்டு ரொட்டியையும் பாற்கட்டியையும் வாயில் இட்டுப் பாராமல், "ஐரோப்பிய உணவுக்குச் சுவை இல்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். காணாத கோபுரத்தைப் பற்றி எவரும் கருத்துரைப்பதில்லை. உண்ணாத உணவுக்கு மட்டும் அச்சலுகை எப்படி வந்தது?

இது தமிழ் மரபும் அன்று. நமது பழைய பயண இலக்கியம் ஆற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதன் உணவு வரிசையைச் சற்றே நின்று நோக்க வேண்டும். நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கிறது. வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் வெண்சோறும் நண்டும். ஊர் மாற மாற அடுப்பும் மாறுகிறது. அயலார் வீட்டுச் சோற்றைப் பாணன் கூச்சமின்றி உண்ணலாம் என்று புலவர் வழிகாட்டுகிறார். மற்றொன்றும் கருதத்தக்கது. அப்பாணன் கடல் கடந்து போகிறவன் அல்லன். அவன் வழியில் வருபவை காலால் நடந்து சேரக்கூடிய ஊர்கள். அண்மைப் பயணமும் அயல் உணவும் ஒரே பாட்டில் அமைந்திருக்க, நம் கட்டுரையாளர்கள் இரண்டையும் கைவிட்டது வியப்பே.

இதனை நம் வட்டாரத்தில் வைத்துப் பார்ப்போம். கோல சிலாங்கூரின் மலாவாத்திக் குன்றை 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கைப்பற்றிக் கோட்டையாக்கி, தம் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரை அதற்குச் சூட்டினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். குன்றின்மேல் இன்றும் நிற்கும் கலங்கரை விளக்கம் 1907ஆம் ஆண்டில் எழுந்தது. கீழே ஆற்றுக் கழிமுகம், அதற்கப்பால் கடல். ஆற்றின் மேற்பக்கம் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றுசேர்ந்து விட்டு விட்டு ஒளிர்வதைக் காண உலகின் பல நாட்டினர் வருகின்றனர். பத்தாங் பெர்சுந்தை என்று நாம் நெடுங்காலம் வழங்கிய பெஸ்தாரி ஜெயாவின் தோட்டப் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் பேருந்துத் தொலைவு. ஆயினும் இவை நம் தமிழ்க் கட்டுரைகளில் எத்தனை முறை இடம்பெற்றுள்ளன?

இவ்வட்டாரத்தைக் கண்டு எழுதியவர் ஒரு பிரஞ்சுக்காரர். ஆன்றி போக்கோனியே 1905ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து, மலாயும் தமிழும் கற்று, சிலாங்கூர் ஆற்றோரத்து ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்தவர். (கிளந்தானில் உள்ள அப்பெயர் ஊரோடு மயங்க வேண்டா.) 1917இல் இந்நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டம் அவரால் தென்னமரம் தோட்டத்தில் உருவாயிற்று. அவருடைய 'மலேசி' என்னும் நாவல் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. அவர் முதலாளி, வேலை வாங்கும் இடத்திலிருந்து பார்த்தவர், அக்குறை நூலில் இல்லாமல் இல்லை. ஆனால் இம்மண்ணின் மழையும் மரமும் மலாய்ப் பந்துன்களும் எழுதத்தக்கவை என அவர் நம்பினார். தோட்டத்தின் பெயரோ நம் மொழி. அதனை இலக்கியத்துள் கொண்டுசெல்லும் வேலையை அயலாருக்கு விட்டுவிட்டோம்.

நம் எழுத்து தோட்டத்தை எழுதவில்லை என்று நான் கூறவில்லை. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்றவை நம் மக்களின் உழைப்பையும் துயரையும் பதிந்து வைத்தன. அப்பணி இன்றியமையாதது. ஆனால் துயரம் மட்டுமே இலக்கியத் தகுதி பெற்றது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. சம்பள நாளன்று குடும்பத்தோடு பட்டணத்துக்குப் போனது, சீனர் காப்பிக் கடையில் காயா தடவிய ரொட்டியைச் சுடச்சுடத் தின்றது, ஜெராம் கடற்கரையில் காலை நனைத்தது ஆகியன 'சிறிய செய்திகள்' என ஒதுக்கப்பட்டன.

அந்த ரொட்டியின் வரலாறு சிறியதா? ஹைனான் சீனர்கள் வெள்ளைக்காரர் வீடுகளிலும் மன்றங்களிலும் சமையற்காரராய் இருந்து கற்றதைத் தம் கடைகளுக்குக் கொண்டுவந்தனர். சிக்கன் சாப்பும் சுட்ட ரொட்டியும் அவ்வழியே நமக்கு வந்தவை. டின்னில் அடைத்த சாடின் மீன் நம் அடுக்களைக்கு வந்ததும் மிளகாய்த்தூளும் புளியும் சேர்ந்து குழம்பாயிற்று. ரொட்டியில் தடவும் மார்ஜரின் 1869இல் பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அதற்குப் பெரிதும் உதவுவது செம்பனை எண்ணெய். அந்தப் பனைக் குலையை வெட்டியவர், சுமந்தவர், உதிர்ந்த பழத்தைப் பொறுக்கியவர் யார்? ஐரோப்பிய உணவு நமக்கு அந்நியம் என்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். சப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மரவள்ளிக் கிழங்கால் உயிர் பிடித்திருந்த தலைமுறைக்குப் போருக்குப் பின் கிடைத்த வெள்ளை ரொட்டி என்னவாய் இருந்திருக்கும்! அதை ஒரு பக்கத்தில் எழுதியிருந்தால் அந்தப் பஞ்சத்தின் ஆழமும் நமக்கு விளங்கியிருக்கும்.

இந்தப் புறக்கணிப்பு வகுப்பறையில்தான் தொடங்குகிறது. 'நான் சென்ற சுற்றுலா' என்று தலைப்புக் கொடுத்தால், கதிரவன் உதிக்கிறான், பறவைகள் பாடுகின்றன, பேருந்து புறப்படுகிறது, இறுதியில் அந்நாள் மறக்க முடியாததாகிறது. இடையில் மறக்க முடியாதது எது என்பதுதான் இல்லை. ஒரு பள்ளியில், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கட்டுரை என் பார்வைக்கு வந்தது. மலாவாத்திக் குன்றில் தந்தை சாடின் வைத்து மடித்துக் கொடுத்த ரொட்டியைக் குரங்கு பறித்ததாம். அப்பா தம் பங்கை அவளுக்குக் கொடுத்துவிட்டு, "எனக்குப் பசிக்கல" என்றாராம். சிவப்பு மை 'சாடின் ரொட்டி'யை அடித்துச் 'சிற்றுண்டி' என்று திருத்தியிருந்தது. தந்தையின் பேச்சு பேச்சு வழக்கு என்பதால் முழுவதும் நீக்கப்பட்டிருந்தது. எஞ்சியது பிழையற்ற கட்டுரை. அதில் குன்றும் இல்லை, தந்தையும் இல்லை.

பேச்சு வழக்கை அனுமதித்தால் தேர்வில் மதிப்பெண் குறையும் என ஆசிரியர் சிலர் அஞ்சுவர். மேற்கோள் குறிக்குள் வரும் உரையாடலைக் கட்டுரையின் நடையோடு குழப்பத் தேவையில்லை. இவ்வேறுபாட்டை இரண்டு பாடவேளைகளில் கற்பித்துவிடலாம். 'சாடின்' பொருளின் பெயர். அதற்குத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்து விட்டனர். காலையில் மிதிவண்டியில் மணியடித்து வந்த ரொட்டிக்காரரை நினைவில் வைத்திருப்போர் இன்று பாட்டன் பாட்டிகள். அவர்களிடம் கேட்டெழுத வேண்டியவர்கள் நம் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள். குறிப்பேட்டில் முதலில் எழுதச் சொல்ல வேண்டிய வினா: அந்த ரொட்டியை எதில் தோய்த்துத் தின்றீர்கள்?