'அஸ்ட்ரல் வீக்ஸ்': கேட்டவர்கள் கேளாமல் விட்டது

வான் மொரிசனின் 'அஸ்ட்ரல் வீக்ஸ்' இசைத்தட்டைக் கேட்டவர்களிடம் அபிப்பிராயம் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். ஒரு சாரார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ புனிதப் பொருளொன்றைப் பற்றிக் கதைப்பது போலக் கதைப்பார்கள். மறு சாரார், நாற்பத்தேழு நிமிடம் ஒரு மனிதன் புலம்புகிறான், இதில் என்ன இருக்கிறது என்று கையை விரிப்பார்கள். இடையில் நிற்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. நான் முதலாவது சாராரைச் சேர்ந்தவன். ஆயினும், எங்கள் தரப்பார் எழுதிக் குவித்தவற்றை வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு சலிப்புத் தட்டத் தொடங்கியது. போற்றுபவர்களும் தூற்றுபவர்களும் ஒரே இடத்தில் நின்றுகொண்டுதான் சண்டை பிடிக்கிறார்களோ என்ற ஐயம் அது.

இந்த ஐயத்தைக் கிளறிவிட்டவன் என் மருமகன். கிட்டார் வாசிப்பவன். அவனிடம் இறுவட்டைக் கொடுக்கும்போது ஒரு சிறிய பிரசங்கமும் செய்துதான் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து சொன்னான்:

"ரெண்டு கோர்ட்தான் மாமா. அதையே வச்சிட்டு ஏழு நிமிசமா ஒரே இடத்துல நிண்டு சுத்துறார். ஒண்டும் நடக்குதில்லியே."

எனக்குக் கோபம் வந்தது. ரசனையற்ற தலைமுறை என்று மனதுக்குள் திட்டவும் செய்தேன். ஆனால் அவன் கிட்டாரை எடுத்து வாசித்துக் காட்டியபோது மறுக்க முடியவில்லை. தலைப்புப் பாடல் ஏறத்தாழ முழுவதும் இரண்டு கோர்ட்களில்தான் நிற்கிறது. கிட்டத்தட்டப் பத்து நிமிடம் நீளும் 'மேடம் ஜோர்ஜ்' மூன்றுக்கு மேல் போவதில்லை. நான் மயக்கம் என்று சொன்னதையே அவன் நகராமை என்று சொன்னான். இருவரும் பேசியது ஒரே விடயத்தைத்தான்.

அப்படியானால் அந்த நகராமைக்குள் எதுவோ நகர்கிறது. அல்லாவிட்டால் ஐம்பது வருடங்களுக்கு மேலாக இத்தனை பேர் இதை விடாமல் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அது எது? அதைக் கண்டுகொள்ள இசைத்தட்டு உருவான விதத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

மொரிசன் 1945இல் பெல்பாஸ்ட் நகரின் கிழக்குப் பகுதியில், தொழிலாளர்கள் நெருங்கி வாழும் ஹைன்ட்ஃபோர்ட் வீதியில் பிறந்தவர். தந்தை கப்பல் கட்டும் தளத்தில் மின்வேலை பார்த்தவர். அமெரிக்க ஜாஸ், புளூஸ் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். மகன் 1967இல் 'பிரவுன் ஐட் கேர்ல்' என்ற துள்ளலான பாடலால் அமெரிக்காவில் பெயர் பெற்றார். அந்த வருடத்தின் இறுதியில் அவரது தயாரிப்பாளர் பேர்ட் பேர்ன்ஸ் இறந்துபோக, ஒப்பந்தச் சிக்கல்களும் பணமுடையுமாக மசாசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் ஒதுங்கிக் கிடந்தார். வோர்னர் நிறுவனம் அவரைப் பொறுப்பேற்றபோது எதிர்பார்த்தது இன்னொரு 'பிரவுன் ஐட் கேர்ல்'. கேட்டுவரப் பொஸ்டனுக்கு வந்த தயாரிப்பாளர் லூயிஸ் மெரன்ஸ்டீனுக்கு அவர் வெறும் கிட்டாருடன் பாடிக் காட்டியதோ 'அஸ்ட்ரல் வீக்ஸ்'. தான் அழுதுவிட்டதாக மெரன்ஸ்டீன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இந்த இசைத்தட்டின் முதல் ரசிகர் அவர் எனலாம். அவர் அழுததோடு நின்றுவிடாமல் ஒரு காரியமும் செய்தார். நாட்டார் பாடல் சாயல் கொண்ட இந்தப் பாடல்களுக்கு ரொக் வாத்தியக்காரர்களை அழைக்காமல் நியூயோர்க்கின் ஜாஸ் கலைஞர்களைக் கூலிக்கு அமர்த்தினார்.

வந்தவர்கள் சாமானியர்களல்லர். டபிள் பேஸ் வாசித்த ரிச்சர்ட் டேவிஸ், எரிக் டொல்ஃபியுடனும் சாரா வோனுடனும் வாசித்தவர். தாள வாத்தியக்காரர் கொனி கே, 1955 முதல் மொடர்ன் ஜாஸ் குவார்டெட்டில் இருந்தவர். கிட்டார் வாசித்த ஜே பேர்லினர் சார்ல்ஸ் மிங்கஸின் 1963ஆம் வருட இசைத்தட்டொன்றில் பங்குகொண்டவர். விப்ரஃபோனுக்கும் ஏனைய தட்டு வாத்தியங்களுக்கும் வொரன் ஸ்மித். இவர்களில் எவரும் மொரிசனை அறிந்திருக்கவில்லை. 1968 செப்டம்பர் 25ஆம் திகதி செஞ்சுரி சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடினார்கள். பாடகர் தனக்கான அறைக்குள் போய் நின்று பாடினார். இசைக் குறிப்புகள் எழுதித் தரப்படவில்லை. இப்படி வாசி, அப்படி வாசி என்ற அறிவுறுத்தலும் இல்லை. அவர் தங்களுடன் பேசவேயில்லை என்று டேவிஸ் பின்னர் நினைவுகூர்ந்தார். அந்த ஒரே அமர்வில் நான்கு பாடல்கள் பதிவாகின. இடையில் ஓர் அமர்வு பயனற்றுப் போயிற்று. ஒக்டோபர் 15ஆம் திகதி மிகுதி நான்கும் முடிந்தன. பின்னர் லாரி ஃபாலன் நரம்பு வாத்தியங்களையும் ஹார்ப்சிகோர்ட்டையும் மேலே சேர்த்தார்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு, ஒரு இரவு மொரிசனின் குரலை வலிந்து ஒதுக்கிவிட்டு டேவிஸின் பேஸை மட்டும் பின்தொடர்ந்து இசைத்தட்டு முழுவதையும் கேட்டேன். வேறொரு இசைத்தட்டைக் கேட்டது போலிருந்தது. கோர்ட்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன, பேஸ் நிற்பதில்லை. பாடகர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லும்போது, பேஸ் கீழிருந்து மேலேறி வந்து அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு முறையும் வேறொரு தரையைப் போட்டுக் கொடுக்கிறது. பேஸ் என்ற வாத்தியம் அடித்தளம் என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். இங்கே அது மறுமொழி. பேசிக்கொள்ளாத இரண்டு மனிதர்கள் கண்ணாடிக்கு இரு புறமும் இருந்துகொண்டு அப்படி உரையாடியிருக்கிறார்கள்.

மருமகனிடம் இதைச் சொன்னேன். "குரலை விட்டுட்டு பேஸை மட்டும் கேளு" என்றேன். ஒரு கிழமை கழித்து, "நடக்குது மாமா, ஆனா அவர் நடக்கல்ல, மத்தவர் நடக்கிறார்" என்றான். விமர்சகர்கள் பலர் பக்கம் பக்கமாக எழுதியும் தொடாத இடத்தை அவன் ஒரு வரியில் தொட்டுவிட்டான்.

விமர்சகர்கள் என்றால் முதலில் லெஸ்டர் பாங்ஸைச் சொல்ல வேண்டும். இசைத்தட்டு 1968 நவம்பரில் வெளிவந்தபோது விற்கவில்லை. கிரெய்ல் மார்கஸ் 1969இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் உயர்த்தி எழுதினார். அதே வருடம் இங்கிலாந்தின் 'என்.எம்.ஈ.' வார இதழோ, ஹோஸே ஃபெலிசியானோவின் வெளிறிய நகல் என்று தள்ளிவிட்டது. பத்து வருடங்களின் பின் 1979இல், மார்கஸ் தொகுத்த 'ஸ்ட்ராண்டட்' நூலில் பாங்ஸ் எழுதிய கட்டுரைதான் இந்த இசைத்தட்டின் தலைவிதியை மாற்றியது எனலாம். தன் மனம் சிதைந்து கிடந்த 1968ஆம் வருட இறுதியில் இந்த இசை தன்னை எப்படித் தாங்கிப் பிடித்தது என்று அவர் எழுதியிருக்கிறார். அற்புதமான கட்டுரை, இன்றும் என்னை உலுக்குகிறது. ஆனால் அதன் பின் வந்தவர்களில் கணிசமானோர் இசைத்தட்டைக் கேட்கிறார்களா, பாங்ஸைக் கேட்கிறார்களா என்பது எனக்குச் சந்தேகம். வேதனை, மீட்சி, ஞானம் என்று அவர் வகுத்த சொற்களிலேயே எல்லோரும் உணர்கிறார்கள். 1995இல் 'மோஜோ' இதழ் வெளியிட்ட தலைசிறந்த நூறு இசைத்தட்டுகளின் பட்டியலில் இது இரண்டாம் இடம் பெற்றது. 'ரோலிங் ஸ்டோன்' பட்டியலில் 2003இல் 19ஆம் இடம். 2020இல் 60ஆம் இடம். ஐந்து லட்சம் பிரதிகளுக்கான தங்கத் தட்டுச் சான்றிதழ் அமெரிக்காவில் 2001இல்தான் கிடைத்தது. அதற்கு முப்பத்துமூன்று வருடங்கள் பிடித்தன.

கேட்போர் மத்தியில் ஆகக் கூடிய வாக்குவாதத்துக்கு உள்ளானது 'மேடம் ஜோர்ஜ்'. யார் இந்த ஜோர்ஜ்? பெண்ணுடை தரித்த ஓர் ஆண், ஊரார் எள்ளிநகையாடும் ஒரு தனியன் என்று பாங்ஸ் வாசித்தார். அந்த மனிதரைச் சிறுவன் ஒருவன் பிரிந்துபோகும் துயரமே பாடல் என்றார். மொரிசன் அதை மறுத்துவிட்டார். பாத்திரம் ஒருவரல்லர், பலர் கலந்த ஒன்று என்றும், தலைப்பு முதலில் 'மேடம் ஜோய்' என்றே இருந்ததென்றும் அவர் சொன்னதுண்டு. செவி கொடுத்துக் கேட்டால் ஒலிப்பதிவிலும் அவர் வாயில் 'ஜோய்' என்றுதான் விழுகிறது. பாடகரின் தந்தையின் பெயர் ஜோர்ஜ் என்பதைப் பிடித்துக்கொண்டு வேறு திசையில் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே நான் பாங்ஸின் பக்கம். படைத்தவர் இல்லையென்று சொல்லிவிட்டால் கேட்டவர் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்ற நியாயம் எனக்கு உடன்பாடில்லை. கவிதை விமர்சனத்தில் நாம் இதைப் பல தடவை விவாதித்துக் களைத்துவிட்டோம். இசைக்கு மட்டும் வேறு நீதி எதற்கு? இன்னொன்றும் உண்டு. முதல் அமர்வுக்கும் கடைசி அமர்வுக்கும் இடையில், 1968 ஒக்டோபர் 5ஆம் திகதி, வட அயர்லாந்தின் டெரி நகரில் சிவில் உரிமை ஊர்வலத்தைப் பொலிசார் தடியால் அடித்துக் கலைத்தார்கள். அடுத்த ஓகஸ்டில் பெல்பாஸ்ட் வீதிகள் எரிந்தன. அதன்பின் முப்பது வருடங்கள்; ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு உயிர்கள். சைப்ரஸ் அவென்யூ, சாண்டி ரோ, ஃபிட்ஸ்ரோய் என்று பாடல்களில் வரும் பெயர்கள் பாடகருக்குச் சிறுபிராய ஞாபகங்கள் மட்டுமே. பிறகு கேட்பவனின் காதிலோ அவை, எரிவதற்கு முந்திய ஒரு நகரத்தின் பெயர்கள். மொரிசன் இதை எண்ணிப் பாடவில்லை, எண்ணியிருக்கவும் முடியாது. அதற்காக அது பாடலில் இல்லையென்று எப்படிச் சொல்வது?

ஆனால் பாங்ஸோடு எனக்குப் பிணக்கும் உண்டு. அவர் கட்டுரையால் நிலைபெற்ற சித்திரம், தனி மேதை ஒருவனின் ஆன்மா திறந்துகொண்டது என்பது. தூற்றுவோரும் அதே சித்திரத்தைத்தான் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்: தனி மனிதன் ஒருவனின் கட்டற்ற புலம்பல். இரு தரப்புக்கும் அந்த அறையில் ஒருவர்தான் இருக்கிறார். பொஸ்டனில் மொரிசனோடு வாசித்துவந்த டொம் கீல்பேனியாவின் கதையைப் பாருங்கள். அவர் பேஸ் வாசிப்பவர். நியூயோர்க்குக்குக் கூடவே வந்தவர், தான் உருவாக்கிய பேஸ் நடைகளை டேவிஸுக்குக் காட்டிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தார். இசைத்தட்டில் அவர் வாசிப்பு இல்லை. ஜோன் பெய்ன் என்ற இளைஞர் கெஞ்சிக் கேட்டுத்தான் முதல் அமர்வின் கடைசியில் புல்லாங்குழலோடு தலைப்புப் பாடலுக்குள் நுழைந்தார். அன்று மற்றப் பாடல்களுக்குக் குழல் ஊதியவர் வேறொருவர், கூலிக்கு வந்தவர். 'பிசைட் யூ'வில் பேர்லினரின் கிட்டாரைச் சுற்றி மூச்சுவிட்டுக்கொண்டு அலையும் அந்தக் குழல் அவருடையது. அவர் பெயர் உறையில் இல்லை. அந்தப் பாடலைக் கேட்டுக் கண்ணீர்விட்டதாக எழுதியவர்கள் அவரைத் தேடவுமில்லை.

இதே மொரிசன் அடுத்து 1970இல் 'மூன்டான்ஸ்' தந்தார். செப்பமான பாடல்கள், நன்றாக விற்றன, எனக்கும் பிடிக்கும். வாத்தியக்காரர்கள் வேறு. 'அஸ்ட்ரல் வீக்ஸ்'இல் நிகழ்ந்தது அங்கே நிகழவில்லை. ஆன்மா மட்டும் போதுமாக இருந்திருந்தால் அது ஏன் திரும்ப வரவில்லை என்று என் தரப்பாரிடம் கேட்கிறேன்.

'த வே யங் லவர்ஸ் டூ' பற்றி ஒரு சொல். ஊதுகுழல்கள் முழங்க, மற்ற ஏழுக்கும் ஒட்டாமல் கழியக விருந்தொன்றிலிருந்து தப்பி வந்தது போல நிற்கும் பாடல் இது. பலருக்கு இது பிடிப்பதில்லை. நானும் நெடுங்காலம் தாண்டிப் போனவன்தான். இப்போது தாண்டுவதில்லை, விரும்புவதுமில்லை. டேவிஸ் அதிலும் சோர்ந்துபோகவில்லை என்பது மட்டுமே என் சமாதானம்.

மொரிசனும் தன் இசைத்தட்டின் ரசிகர்களில் ஒருவர், அதுவும் திருப்திப்படாத ரசிகர். நரம்பு வாத்தியங்களைச் சேர்த்தது பற்றி அவர் குறைப்பட்டிருக்கிறார். 2008 நவம்பரில் ஹொலிவூட் போல் அரங்கில் முழுவதையும் திரும்பப் பாடியபோது, பேர்லினரை அழைத்துக்கொண்டார்; பாடல்களின் ஒழுங்கையும் மாற்றினார். கடைசிப் பாடலான 'ஸ்லிம் ஸ்லோ ஸ்லைடர்' மூன்றாம் இடத்துக்குப் போயிற்று; எட்டாவதாக வந்தது 'மேடம் ஜோர்ஜ்'. மூல இசைத்தட்டு மரணத்தின் வாசலில் முடிகிறது. அவரோ பிரியாவிடையில் முடிக்க விரும்பினார் போலும்.

அந்தக் கடைசிப் பாடல்தான் எனக்கும் மருமகனுக்கும் இப்போதைய தகராறு. கிட்டாரும் பேஸும் பெய்னின் சொப்ரானோ சக்ஸஃபோனும் மட்டும். மூன்று நிமிடம் சொச்சத்தில், கையால் தட்டும் ஓசையோடு பாடல் திடீரென அறுந்துபோகிறது. உண்மையில் கலைஞர்கள் நிறுத்தவில்லை. தொடர்ந்து வாசித்ததை மெரன்ஸ்டீன் வெட்டியிருக்கிறார். 2015இல் வந்த மறுபதிப்பில் நீண்ட வடிவம் இருக்கிறது. மெரன்ஸ்டீன் 2016இலும் டேவிஸ் 2023இலும் காலமாகிவிட்டார்கள். வெட்டியது சரியென்று நான் நினைக்கிறேன். அந்த அறுபட்ட இடத்தில்தான் பாடலில் வரும் பெண்ணின் சாவு இருக்கிறது. மருமகன் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்கதானே மத்தவங்களக் கேளுங்க எண்டீங்க. அவங்க வாசிச்சிட்டிருக்கக்குள்ள வெட்டினது சரியா மாமா?" என்று கேட்கிறான். இன்னும் பதில் சொல்லவில்லை. இன்றிரவு இரண்டையும் மறுபடி கேட்கப் போகிறேன்.