சந்தேகம் என்னும் கதாநாயகன்

நாவல் எழுதுகிறவனை இன்னொருவர் நாவல் ஏமாற்றிவிட முடியாது என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு உண்டு. செப்பிடு வித்தைக்காரனுக்கு இன்னொரு செப்பிடு வித்தைக்காரனின் கை எங்கே போகிறதென்று தெரியும் அல்லவா? ஆனால் 2005-ம் வருஷம் நான் ஒரு நாவலிடம் முழுக்க முழுக்க ஏமாந்து போனேன். அதைப் பற்றி இத்தனை வருஷம் கழித்து எழுதக் காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாவலின் பெயர் 'ஸ்டேட் ஆஃப் ஃபியர்'. எழுதியவர் அமெரிக்கரான மைக்கேல் கிரைட்டன். 'ஜுராஸிக் பார்க்' நாவலை எழுதியவர் என்றால் எல்லாருக்கும் தெரியும். வைத்தியம் படித்துவிட்டு எழுத்துக்கு வந்தவர், 2008-ல் காலமாகிவிட்டார். இந்த நாவல் 2004 டிசம்பர் முதல் பகுதியில் வெளிவந்தது. அதே மாதம் 26-ந் தேதி நம் நாகப்பட்டினக் கரையில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'கதையில் சுனாமி வருகிறது, படித்துப் பார்' என்று வங்கியில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் புஸ்தகத்தைக் கையில் கொடுத்தார். இரண்டு இரவு தூங்காமல் படித்தேன்.

கதை இதுதான். பூமி சூடாகிறது என்று பிரசாரம் செய்கிற ஒரு பெரிய சுற்றுப்புறச் சங்கம். அதற்குப் பணம் கொடுக்கிற கோடீசுவரர். அவருடைய இளம் வக்கீல் பீட்டர் எவன்ஸ். ஜனங்கள் பயப்பட வேண்டும், பயந்தால்தான் பணம் வரும் என்று அந்தச் சங்கத்துக்குப் பின்னாலிருப்பவர்கள் இயற்கைச் சீற்றங்களைச் செயற்கையாக உண்டாக்கச் சதி செய்கிறார்கள். ஸாலமன் தீவுகளருகே கடலடியைக் குலுக்கி, கலிபோர்னியாவை நோக்கி ஒரு பேரலையை அனுப்புவது அதன் உச்சம். ஜான் கென்னர் என்கிற பேராசிரியர் இதைத் தடுக்கிறார். போகிற வழியெல்லாம் வக்கீலுக்குப் பாடமும் நடத்துகிறார்: பூமி சூடாவது நிச்சயமில்லை, சூடானாலும் மனிதன்தான் காரணம் என்பது நிச்சயமில்லை, உங்களுக்கு யாரோ கதை விட்டிருக்கிறார்கள் என்று.

சுவாரஸ்யத்தில் குறை சொல்ல முடியாது. அத்தியாயத்தை எங்கே வெட்டுவது, எந்தத் தகவலை எப்போது அவிழ்ப்பது என்பதெல்லாம் கிரைட்டனுக்குக் கைவந்த கலை. நாவலின் பக்கங்களில் வரைபடங்கள் இருக்கின்றன, அடிக்குறிப்புகள் இருக்கின்றன. முடிவில் நீண்ட நூற்பட்டியலும் இருக்கிறது. கதை கற்பனை, ஆனால் அடிக்குறிப்புகள் நிஜம் என்று ஆரம்பத்திலேயே ஆசிரியர் அறிவித்துவிடுகிறார். கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை நிறுத்திய என் போன்றவனுக்கு அடிக்குறிப்பு என்றாலே ஒரு பயபக்தி. அடுத்த சில மாதங்கள் டீக்கடையிலும் இலக்கியக் கூட்டங்களிலும் நான் கென்னராகவே மாறிவிட்டேன். பூமி சூடாவதெல்லாம் மேல்நாட்டான் கிளப்பிவிட்ட புரளி என்று ஆணித்தரமாகப் பேசினேன். கைதட்டலும் கிடைத்தது.

என் மயக்கத்தைத் தெளிவித்தவர் எங்கள் தெருவில் இருந்த, ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர். புஸ்தகத்தை வாங்கிப் போய் ஒரு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்.

"கதை நன்றாயிருக்கிறது, தம்பி. விஞ்ஞானத்தை விட்டுவிடுவோம். நீங்கள் கதை எழுதுகிறவர், உங்களையே கேட்கிறேன். இந்தக் கென்னரோடு வாதாடுகிறவர்களில் ஒருத்தனாவது, ஒரு தடவையாவது, உருப்படியாகப் பதில் சொல்கிறானா?"

"இல்லை, சார்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அவர் விஞ்ஞானி என்ற முறையில் கேட்கவில்லை, விமரிசகராகக் கேட்டார். அந்தக் கேள்வியோடு மறுபடி படித்தால் நாவலின் அஸ்திவாரம் தெரிந்துவிடுகிறது. கென்னரை எதிர்ப்பவர்கள் எல்லாரும் ஒன்று அசடுகள், அல்லது அயோக்கியர்கள். அவர்களில் ஒரு சினிமா நடிகர், பேச்சில் தோற்பது போதாதென்று, நரமாமிசம் தின்பவர்களிடம் அகப்பட்டுச் சாகிறார். எதிராளியின் கையைக் கட்டிப் போட்டுவிட்டு நடத்தும் குஸ்தியை வாதம் என்று சொல்ல முடியாது.

நம்மிடம் இதற்கு நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. மணிமேகலையில் 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை'யை எடுத்துக்கொள்ளுங்கள். சாத்தனார் பௌத்தப் பிரசாரத்துக்காகவே காவியம் செய்தவர். ஆனாலும் வஞ்சி நகரில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரையில் ஒவ்வொருவனும் தன் கட்சியைத் தானே எடுத்துச் சொல்ல இடம் கொடுக்கிறார். எது பிரமாணம், எது பிரமாணமாகாது என்பதைக்கூட அவர்களில் ஒருவன் வாயாலேயே விளக்குகிறார். பிரசாரம் செய்வது குற்றமல்ல. எதிர்க்கட்சியை அதன் பலத்தோடு நிறுத்தாமல் பிரசாரம் செய்வதுதான் கலைக்குச் செய்யும் துரோகம்.

அடிக்குறிப்பு விஷயத்துக்கு வருகிறேன். 1988 ஜூனில் ஜேம்ஸ் ஹான்ஸன் என்ற விஞ்ஞானி அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார். பூமி சூடாகத் தொடங்கிவிட்டது என்று பகிரங்கமாகச் சொன்ன சாட்சியம் அது. அவர் கணக்கு 300 சதவிகிதம் தப்பிப் போயிற்று என்று நாவல் சொல்கிறது. நடந்தது என்ன? ஹான்ஸன் மூன்று கணக்குகள் போட்டிருந்தார். புகை தாறுமாறாகக் கூடிக்கொண்டே போனால் ஒன்று, மிதமாகக் கூடினால் ஒன்று, வெகுவாகக் கட்டுப்படுத்தினால் ஒன்று. இவற்றில் நடுவிலுள்ளதே நடக்கக்கூடியது என்றும் சொல்லியிருந்தார். பத்து வருஷம் கழித்து, 1998-ல், பாட்ரிக் மைக்கேல்ஸ் என்பவர் அமெரிக்க காங்கிரஸின் ஒரு குழுவுக்கு முதல் கணக்கை மட்டும் காட்டி, மற்ற இரண்டையும் விட்டுவிட்டு, 'பாருங்கள் எவ்வளவு பிசகு' என்றார். 300 சதவிகிதப் பிசகு என்ற பேச்சுக்கு மூலம் அதுதான். நடுக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உலகம் ஏறக்குறைய அதை ஒட்டித்தான் போயிருந்தது.

இது சின்ன விஷயமல்ல. வாசகர் நம்மை எவ்வளவு நம்புகிறார் என்பது எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும். என் தொடர்கதை ஒன்றில் ஒரு நாட்டு வைத்தியர் மஞ்சள் காமாலைக்கு ஒரு பச்சிலைக் கஷாயம் கொடுப்பதாக எழுதினேன். கஷாயம் என் கற்பனை. ஒருவர் போன் செய்து, "ஐயா, என் பெண்ணுக்கு நாலு வயது. எவ்வளவு கொடுக்கலாம்?" என்று கேட்டார். கை நடுங்கிவிட்டது. அதில் ஒரு அடிக்குறிப்புகூடக் கிடையாது!

சந்தேகப்படுவது தப்பா என்று வாசகர்கள் கேட்கலாம். தப்பேயில்லை. விஞ்ஞானிகளே எவ்வளவு நிதானமாகச் சந்தேகப்பட்டார்கள் என்பதற்கு, ஐ.நா. சபையின் ஆதரவில் நடக்கும் பருவநிலைக் குழுவின் அறிக்கைகளைப் பார்த்தால் போதும். கதை எழுதுகிறவனுக்கு அந்த அறிக்கைகளில் புரிவது வினையடைகள்தாம். மனிதன் காரணமா என்ற கேள்விக்கு 1995-ல், 'மனிதனின் கை புலப்படுகிறது என்ற பக்கம் சான்றுகள் சாய்கின்றன' என்றார்கள். 2001-ல் 'அநேகமாக' என்றார்கள். அவர்கள் கணக்கில் அதற்கு நூற்றுக்கு 66-க்கு மேல் என்று அர்த்தம். 2007-ல் அது 90-க்கு மேல் ஆயிற்று. 2013-ல் 95-க்கு மேல். 2021-ல்தான் 'சந்தேகத்துக்கு இடமில்லை' என்று எழுதினார்கள். ஒரு வினையடையை மாற்ற ஐந்தாறு வருஷம், சில சமயம் எட்டு வருஷம் எடுத்துக்கொண்டவர்களைப் புரளி கிளப்புகிறவர்கள் என்று எப்படிச் சொல்வது?

வினையடையை மாற்றிய சான்றுகளும் நமக்குப் புரியாதவை அல்ல. கரியமிலவாயு வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று ஜான் டிண்டல் 1859-லேயே சோதித்துக் கண்டார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கூடினது நம் நிலக்கரியாலும் எண்ணெயாலும்தான் என்று எப்படித் தெரியும்? கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்த கரியில் கதிரியக்கக் கார்பன் செத்துப் போயிருக்கும். அந்தச் செத்த கரி காற்றில் கலந்திருப்பதை ஹான்ஸ் ஸ்யூஸ் 1955-ல் மரங்களின் வளையங்களைச் சோதித்துக் காட்டினார். சரி, சூரியன் காரணமாயிருக்கக் கூடாதா? சூரியன் உக்கிரமடைந்திருந்தால் மேல் வானமும் கீழ் வானமும் சேர்ந்து சூடாக வேண்டும். கீழே சூடாகிறது, மேலே குளிர்கிறது. கீழே போர்வை போர்த்தியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஏது வேண்டியதில்லை.

நாவல் வெளியானபோது அறிக்கையின் சொல் 'அநேகமாக' என்பதுதான். ஆகவே கிரைட்டன் சந்தேகப்பட்டதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. தாம் சந்தேகிக்க விரும்பியதை மட்டும் சந்தேகித்தாரே, அதுதான் குற்றம். தலைமைப் பாத்திரமான கென்னரின் வார்த்தையை நாவலில் யாரும் சந்தேகிப்பதில்லை, ஆசிரியரும் சந்தேகிப்பதில்லை. நிஜமான சந்தேகம் தன் வீட்டு வாசலிலிருந்து புறப்பட வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. சதியைத் தேடிப் போன ஆசிரியர் வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார். 1970-களின் பிற்பகுதியிலிருந்தே எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகள் பூமி சூடாகும் என்று தங்கள் நிர்வாகத்துக்குச் சொல்லி வந்தார்கள். அவர்கள் போட்ட கணக்குகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன என்று 2023-ல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. 1998-ல் அமெரிக்க எண்ணெய்த் தொழிற் சங்கத்தின் ஏற்பாட்டில் தயாரான ஒரு திட்டக் குறிப்பு, சாதாரண ஜனங்கள் இந்த விஞ்ஞானம் நிச்சயமற்றது என்று எண்ணத் தொடங்குவதையே தங்கள் வெற்றி என்று வரையறுத்தது. அசல் நாவலுக்கான கரு இங்கே கிடந்தது. கிரைட்டனைப் போன்ற கைதேர்ந்தவர் இதை எடுத்திருந்தால்!

ஆனால் நடந்தது வேறு. 2005 செப்டம்பரில் அவரை அமெரிக்க செனட்டின் சுற்றுப்புறக் குழு சாட்சி சொல்ல அழைத்தது. குழுவின் தலைவர் ஜேம்ஸ் இன்ஹோஃப், பூமி சூடாவதைப் பெரிய மோசடி என்று 2003-ல் செனட்டில் பேசியவர். கற்பனை எழுத்தாளர் ஒருவர் விஞ்ஞானத்தைப் பற்றிச் சாட்சிக் கூண்டில் நின்றார். நாவலாசிரியனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. இதைவிடப் பெரிய ஆபத்தும் கிடையாது.

இப்போது எழுதக் காரணம் சொல்கிறேன் என்றேனே. சென்ற வருஷம் ஒரு புஸ்தக வெளியீட்டு விழாவில் ஒரு பள்ளி ஆசிரியை என்னிடம் வந்தார். "2005-ல் எங்கள் ஊர்க் கூட்டத்தில் நீங்கள் பேசியது ஞாபகம் இருக்கிறதா, சார்? பூமி சூடாவது புரளி என்றீர்களே! இருபது வருஷமாக என் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லி வருகிறேன்" என்றார். சந்தோஷமாகச் சொன்னார்.

அரை மணி நேரம் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் சொன்னது தப்பு என்றேன். மூன்று கணக்குகள், செத்த கரி, போர்வை எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இதில் இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார். இல்லை, அம்மா என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அவருடைய வகுப்பில் உட்கார்ந்து எழுந்து போன பிள்ளைகளை நான் எங்கே போய்த் தேடுவது? தேட முடியாததால்தான் இதை எழுதுகிறேன்.