பிரேக் மிதியின் உணரி: இலங்கையிலும் இந்தியாவிலும் பழுதறியும் முறை

ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிட்டார் என்பதைக் காரின் கட்டுப்பாட்டுக் கணினிக்கு அறிவிக்கும் கருவி எல்லாக் கார்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களில் அது மிதித்தண்டின் மேற்பகுதிக்கு அருகே பொருத்தப்பட்டு, மிதி அழுந்தியதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும் சுவிட்ச் ஆகும். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் வண்டிகளாக இலங்கைக்கு வந்த பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களிலோ, அந்தச் சுவிட்சோடு, மிதி எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை மாறும் மின்னழுத்தமாகத் தெரிவிக்கும் வீச்சு உணரியும் இருக்கிறது. இரு நாட்டு மெக்கானிக்குகளின் பழக்கம் வேறுபடுவதற்கு அவர்களது திறமையைக் காட்டிலும் வண்டிகளின் இந்த வேறுபாடே காரணம்.

இந்திய ஒர்க்‌ஷாப்பில் பழுது பெரும்பாலும் அறிகுறியாலேயே பிடிபடுகிறது. பிரேக் விளக்கு எரியாமலோ அணையாமலோ இருக்கும், ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் 'பார்க்' நிலையைவிட்டு நகராது, பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பாது. பல கார்களில் சுவிட்சுக்குள் இரண்டு தொடர்புகள் இருப்பதாலும், மிதிக்கும்போது ஒன்று இணைந்து மற்றது பிரிவதாலும், அவை முரண்பட்டால் கணினி பி0504 என்ற பழுதுக்குறியைப் பதிந்துகொள்கிறது. விலை குறைந்த ஸ்கேனரே இதைப் படித்துவிடும். ஃபியூஸைப் பார்த்தபின் சுவிட்சை மாற்றிவிடுவதே வழக்கம்; புதியது மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கும்போது அளந்துகொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஆனால் சில கார்களில் சுவிட்சின் முனையை அழுத்திப் பிடிக்கும் சிறிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தடுப்பு நாள்பட்டு நொறுங்கி உதிர்ந்துவிடுவதால், எத்தனை சுவிட்ச் மாற்றினாலும் விளக்கு அணையாது, பேட்டரியும் இறங்கிவிடும். மாற்றிப் பார்த்துப் பழுதறியும் முறையின் பலவீனம் இங்கேதான் வெளிப்படுகிறது.

இலங்கைக் கராஜ்களுக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. பிரியஸ் போன்ற கார்களில், வழக்கமான ஓட்டத்தின்போது, மிதியின் அழுத்தம் நேரடியாகச் சக்கரங்களுக்குப் போவதில்லை. உணரி சொல்லும் அளவைக் கொண்டு, மோட்டார் எவ்வளவு வேகத்தைக் குறைக்க வேண்டும், பிரேக் எண்ணெய் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கணினியே பிரித்துக்கொடுக்கிறது. உணரியிடமிருந்து வரும் செய்தி பிசகினால் சி1247 என்ற குறி பதிவாகும். எஞ்சின் குறிகளை மட்டும் படிக்கும் மலிவான ஸ்கேனர் பிரேக் கணினியை எட்டுவதில்லை என்பதால், டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் போன்ற மென்பொருளை மடிக்கணினியில் இணைத்தே பார்க்க வேண்டியிருக்கிறது. உணரிக்கு இரண்டு வெளியீடுகள் உண்டு. மிதி ஓய்வில் இருக்கையில் ஒன்று சுமார் 1 வோல்ட்டும் மற்றது சுமார் 4 வோல்ட்டும் காட்டும், மெதுவாக மிதிக்கும்போது ஒன்று ஏறும் அளவுக்கு மற்றது இறங்கும். இடையில் ஓரிடத்தில் அளவு துள்ளினால் உணரி தேய்ந்திருக்கிறது. இணைப்பியை அசைக்கும்போது துள்ளினால் பழுது கம்பியில் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னர் 12 வோல்ட் துணை பேட்டரியைச் சோதிக்க வேண்டும், ஏனெனில் அது தளர்ந்தாலே பொய்யான பிரேக் குறிகள் தோன்றக்கூடும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இருந்த வண்டியையே ஓட்டியாக வேண்டிய அந்த ஆண்டுகளில், கொழும்பு பஞ்சிகாவத்தையில் விற்கும் கழற்றிய பாகங்களை நம்புவது தவிர்க்க முடியாததாயிற்று. அளந்த பின்னரே வாங்கும் ஒழுக்கத்தை இந்த நெருக்கடி வளர்த்தது என்பது பாராட்டத்தக்கதே. எனினும் கழற்றிய உணரியைப் பொருத்திவிட்டு, ஓய்வுநிலை அளவைக் கணினிக்குப் புதிதாகக் கற்பிக்கும் பூச்சிய அளவுத்திருத்தத்தைச் செய்யாமல் வண்டியை ஒப்படைப்பது, சென்னை புதுப்பேட்டையில் வாங்கிய பழைய சுவிட்சைப் பொருத்துவதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. சுவிட்ச் ஏமாற்றினால் விளக்கு போகும், வீச்சு உணரி ஏமாற்றினால் பிரேக்கின் அளவே மாறும்.

2022 முதல் ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் போன்ற ஹைபிரிட் கார்கள் இந்தியாவிலும் வந்துவிட்டதால், உத்தரவாதக் காலம் முடிந்ததும் இவ்வேலை அங்குள்ள தெருவோர ஒர்க்‌ஷாப்புகளையும் வந்தடையும். எந்த நாட்டிலாயினும், உணரி மாற்றப்பட்ட ஹைபிரிட் காரைத் திரும்பப் பெறும் உரிமையாளர், அளவுத்திருத்தம் முடிந்ததற்கான திரைப்பதிவைக் கேட்டு வாங்கிய பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.