கப்பலின் சாப்பாட்டு மேஜை: சில குறிப்புகள்

கப்பலை வைத்து எழுதப்பட்ட நாவல்கள் என்றதும் நம் விமர்சகர்கள் கடலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அகண்டம், தனிமை, மனத்தின் ஆழம் இத்யாதி. மெல்வில்லுக்கும் கான்ராடுக்கும் இது பொருந்தலாம். அவர்கள் கப்பலில் வேலை பார்த்தவர்கள்; கடல் அவர்களுக்குப் பிழைப்பு. பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் கப்பலைப் பற்றிய எழுத்தில் கடல் பெரும்பாலும் வட்ட ஜன்னலுக்கு வெளியே தொங்குகிற ஒரு படுதா. காரியம் நடக்கிற இடம் சாப்பாட்டுக் கூடம். யாருக்குப் பக்கத்தில் யாரை உட்காரவைத்தார்கள் என்பதிலிருந்தே கதை கிளம்புகிறது. அந்தக் கூடத்தை உல்லாசக் கப்பல் கம்பெனிகள் கடந்த கால் நூற்றாண்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்து வருகின்றன. அது கப்பல்காரர்கள் விவகாரம், இலக்கியத்துக்கு இதில் என்ன வந்தது என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் கப்பலேறியவனல்ல. மேஜைகளைப் புத்தகத்தில் பார்த்தவன்.

பழைய ஏற்பாடு எளிமையானது. எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்கக் கூடத்தில் இடம் போதாது. ஆகவே இரண்டு பந்தி. பிரயாணிக்கு ஒரு மேஜை எண் கொடுப்பார்கள். கரை சேரும்வரை அதே மேஜை, அதே ஆறு அல்லது எட்டு முகங்கள், அதே சர்வர். காப்டனின் மேஜைக்கு அழைப்பு வந்தால்தான் போகலாம். டாக்டர் போன்ற மற்ற அதிகாரிகள் தலைமையிலும் மேஜைகள் உண்டு. மற்றவர்கள் தங்களுக்கு விதித்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். பட்டியல் போடுகிறவன் தலைமை ஸ்டூவர்ட். அவன் காகிதத்தில் பெயர்களை நிரப்பும்போது நாவலாசிரியனின் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறான். வெளியே சந்திக்க நியாயமே இல்லாத இரண்டு பேரைச் சந்திக்கவைக்கத் தற்செயலைத் தேடி அலைய வேண்டாம். சண்டை வந்தாலும் பாத்திரங்கள் கதையைவிட்டு ஓடிவிட முடியாது. நாளைக் காலையிலும் அதே முகத்தைப் பார்த்துத்தான் ரொட்டியைப் பிய்த்தாக வேண்டும்.

சாமர்செட் மாமின் 'மிஸ்டர் நோ-ஆல்' கதையை ஆங்கிலம் படித்த பலரும் கல்லூரித் துணைப்பாடத்தில் கடந்து வந்திருப்பார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து யோகஹாமா போகும் கப்பல். டாக்டரின் மேஜை. எல்லாம் தெரிந்தவனாகப் பேசிக் கொல்லும் கெலாடா, ராம்ஸே தம்பதி, கெலாடா என்ற பெயரைக் கேட்டபோதே அவனை வெறுத்துவிட்ட கதைசொல்லி. மிஸஸ் ராம்ஸே அணிந்திருக்கும் முத்துமாலை அசலா போலியா என்று பந்தயம் வருகிறது. முத்து வியாபாரம் அறிந்த கெலாடா அந்தப் பெண்ணின் கண்ணில் பயத்தைப் பார்த்துவிட்டு, தான் தோற்றதாகச் சொல்லி நூறு டாலரைக் கொடுத்துவிடுகிறான். மாமின் சாமர்த்தியத்தின் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. அவர் கதைகள் இறுக மூடிய டப்பாக்கள். ஆனால் இந்த டப்பாவுக்குள் ஒரு உண்மை இருக்கிறது. கெலாடாவை யாரும் விரும்பிப் பக்கத்தில் உட்காரவைக்கவில்லை. அவரவர் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் கதைசொல்லி நாலு மேஜை தள்ளிப் போயிருப்பான். தான் வெறுத்தவன் எப்பேர்ப்பட்டவன் என்று தெரியாமலே யோகஹாமாவில் இறங்கியிருப்பான்.

இதோடு நிறுத்திக்கொண்டால் பொது மேஜை மனிதர்களைச் சேர்த்துவைத்தது என்று ஒரு இனிப்பான முடிவுக்கு வந்துவிடலாம். கேதரின் ஆன் போர்ட்டர் அதற்கு இடம் கொடுக்கமாட்டார். 1931இல் மெக்ஸிகோவின் வேரக்ரூஸ் துறைமுகத்திலிருந்து 'வெர்ரா' என்ற ஜெர்மானியக் கப்பலில் அவர் ஐரோப்பா போனார். அந்தப் பிரயாணத்தை நாவலாக்கி முடிக்க முப்பது ஆண்டுகள் பிடித்தன. 'ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்' 1962இல் வெளிவந்தது. ஹிட்லர் பதவிக்கு வர இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. கப்பலில் ஒரே ஒரு யூதன், லோவெந்தால். கத்தோலிக்கர்களுக்குப் பூஜைச் சாமான் விற்பவன். சாப்பாட்டுக் கூடத்தில் அவனுக்கென்று ஒரு சின்ன மேஜை, அவன் மட்டும். கூடத்தின் இன்னொரு பக்கம் காப்டன் தீலேயின் மேஜை. அங்கே நல்ல ஜெர்மானியர்கள், அவர்களில் ஒருவன் ஃப்ரைடாக். அவன் மனைவி யூதப் பெண். அவள் கப்பலில் இல்லை, ஊரில் இருக்கிறாள். இந்த விஷயத்தை அவன் மிஸஸ் ட்ரெட்வெல் என்ற பெண்ணிடம் சொல்லிவிடுகிறான். அவள் குடித்திருந்த வேளையில் தன் அறைத்தோழியிடம் உளறுகிறாள். அறைத்தோழி அதைக் காப்டன் மேஜைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். ஃப்ரைடாக் இடம் மாற்றப்படுகிறான். எங்கே? லோவெந்தாலின் மேஜைக்கு.

நாவல் முழுவதிலும் இதற்கு இணையான சம்பவம் இல்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஒரு நாற்காலி நகர்கிறது, அவ்வளவுதான். ஆனால் கூடம் முழுக்க அதைப் பார்க்கிறது. போர்ட்டர் இதோடு விடுவதில்லை. விரட்டப்பட்டவனை லோவெந்தால் ஆதரவோடு அணைத்துக்கொள்வான் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவனோ தன் இனத்துப் பெண்ணை வெளியே கட்டிக்கொண்டவன் என்று ஃப்ரைடாக்கின்மேல் கசப்பைக் காட்டுகிறான். ஸ்டான்லி க்ராமர் 1965இல் எடுத்த படத்தில் இந்த லோவெந்தாலைச் சிரித்த முகமுள்ள நல்ல மனிதனாக்கிவிட்டார். சினிமாவுக்கு நல்ல யூதன் தேவைப்பட்டிருக்கிறான். அவமானப்பட்டவன் நல்லவனாகவும் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையைப் போர்ட்டர் ஏற்கவில்லை. மனிதர்கள்மேல் வெறுப்பை வைத்தே பின்னிய நாவல், பாத்திரங்கள் கோட்டோவியங்கள் என்றெல்லாம் இதைப் பற்றிச் சொல்வார்கள். பல பக்கங்களில் எனக்கும் அப்படித்தான் பட்டது. மேஜை சம்பந்தப்பட்ட பக்கங்களில் படவில்லை.

கப்பலின் அடியில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. சர்க்கரை விலை விழுந்ததால் கியூபாவிலிருந்து திருப்பியனுப்பப்படும் ஸ்பானியத் தொழிலாளர்கள், 876 பேர். அவர்களுக்கு மேஜை எண் ஏது? மேலே லோவெந்தாலுக்கு அவமானம் உண்டு. கீழே இருப்பவர்களுக்கு அவமானப்படுவதற்கான நாற்காலிகூட இல்லை. பந்தியில் உட்காரவைத்து அவமதிப்பது, பந்திக்கே விடாமலிருப்பது, இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

'இஷ்டப்படி சாப்பிடலாம்' என்பது ஒன்றும் இன்றைய கண்டுபிடிப்பல்ல. 1905இல் ஹாம்பர்க்-அமெரிக்கா கம்பெனியின் 'அமெரிக்கா' கப்பலில் ரிட்ஸ் ஹோட்டலின் பெயரால் ஒரு தனி உணவகம் திறந்தார்கள். உள் அலங்காரம் ஷார்ல் மெவே. நீண்ட மேஜைகளும் தரையோடு முடுக்கிய சுழல் நாற்காலிகளும் வழக்கமாயிருந்த காலத்தில், சின்ன மேஜை, வேண்டிய நேரம், வேண்டிய பதார்த்தம். தனியாகக் காசு கொடுக்க வேண்டும். அந்நியரோடு உட்காராமலிருப்பது விலைக்குக் கிடைக்கும் சரக்கானது அப்போதுதான். நார்வீஜியன் க்ரூஸ் லைன் 2000இல் 'ஃப்ரீஸ்டைல்' என்று பெயர் சூட்டி இதையே கப்பல் முழுக்கப் பரப்பியது. பந்தி நேரம் இல்லை, மேஜை எண் இல்லை, யாரோடு வேண்டுமோ அவரோடு. மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாகத் தங்கள் பெயரைச் சூட்டிக்கொண்டு பின்னால் போயின. ராயல் கரீபியன் 2014இல் 'குவாண்டம் ஆஃப் த ஸீஸ்' கப்பலில் பெரிய கூடத்தையே எடுத்துவிட்டு அதை நாலு உணவகங்களாகப் பிரித்தது. ஒவ்வொரு வேளைக்கும் முன்பதிவு செய்து அல்லாடிய பிரயாணிகள் முணுமுணுக்க, பின்னால் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. 2020 பிப்ரவரியில் யோகஹாமாவில் 'டயமண்ட் பிரின்ஸஸ்' கப்பல் நிறுத்திவைக்கப்பட்டது. அதிலிருந்த 3711 பேரில் எழுநூறுக்கும் மேல் கொரோனா கண்டவர்கள். அடுத்த ஆண்டு கப்பல்கள் மறுபடி கிளம்பியபோது, கூட வந்தவரோடு மட்டும் உட்காருவது பல இடங்களில் விதியாகவே ஆகிவிட்டது. விதி போய்விட்டது, பழக்கம் நின்றுவிட்டது. இன்று பல கப்பல்களில் அந்நியரோடு உட்கார வேண்டுமென்றால் வாசலில் நிற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

சர்வருக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் கடைசி ராத்திரி ஒரு உறையில் பணம் வைத்துத் தன் மேஜையின் சர்வரிடம் கொடுப்பார்கள். அதில் கூழைக்கும்பிடு இருந்தது. கூடவே ஒரு முகமும் ஒரு பெயரும் இருந்தன. தினம் ஒரு மேஜை என்றானபின் எந்த சர்வருக்குக் கொடுப்பது? நாளொன்றுக்கு இவ்வளவு என்று பிரயாணியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கூழைக்கும்பிடு போனதில் எனக்கு வருத்தமில்லை.

பழைய மேஜையின் கடைசி சாட்சி என்று டேவிட் ஃபாஸ்டர் வாலஸைச் சொல்லலாம். ஒரு பத்திரிகைக்காக 1995இல் கரீபியக் கடலில் ஏழு ராத்திரிகள் உல்லாசக் கப்பலில் போனார். அடுத்த ஆண்டு வந்த அந்த நீண்ட கட்டுரையில் சீராட்டலே ஒரு நோயாகிவிடுவதைக் காட்டி எல்லாவற்றையும் குத்திக் கிழிக்கிறார். ஆனால் தனக்கு ஒதுக்கிய 64ஆம் மேஜையின் சகாக்கள் என்று வரும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது. ஒரு வாரம் கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார் அல்லவா. அந்தத் தயக்கம் கட்டுரையின் பலவீனம் என்று நண்பர் ஒருவர் வாதாடினார். அந்த இடத்தில்தான் கட்டுரை சிரிப்பை நிறுத்திவிட்டு மனிதரைப் பார்க்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொரு எண், 76. மைக்கேல் ஒண்டாட்ஜி 1954இல், தமது பதினோராம் வயதில் கொழும்பிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் அனுப்பப்பட்டவர். 2011இல் வந்த அவருடைய 'த கேட்ஸ் டேபிள்' நாவலிலும் பதினோரு வயதுப் பையன், அதே ஆண்டு, 'ஓரன்ஸே' கப்பல். அவன் பெயரும் மைக்கேல்தான். ஆனாலும் இது கற்பனை என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். பையனுக்கு ஒதுக்கப்பட்ட 76ஆம் மேஜை காப்டன் மேஜையிலிருந்து வெகு தூரம். மதிப்பில் கடைசியான அந்த இடத்துக்குப் 'பூனை மேஜை' என்று பெயர். பையன்கள் மூவர், பியானோக்காரர் ஒருவர், பழைய கப்பல்களை உடைத்துப் பிரிப்பவர் ஒருவர், புறாக்களோடு பிரயாணம் செய்யும் பெண்மணி, வாயே திறக்காத தையல்காரர். பையனின் கல்வி அங்கே நடக்கிறது. போர்ட்டரின் மேஜை தண்டனை என்றால் ஒண்டாட்ஜியின் மேஜை பள்ளிக்கூடம். ஒண்டாட்ஜி எழுதும் விதத்தில் எனக்குச் சற்று அதிகமான நறுமணம் வீசுகிறது. கடைசி மேஜைக்காரர்கள் எல்லோரும் சுவாரஸ்யமானவர்களாகவே இருந்துவிடுவது எப்படி என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் அவர் ஒரு விஷயத்தில் பிசகவில்லை. பூனை மேஜையிலிருந்து பார்த்தால் காப்டன் மேஜை தெரியும். தாங்கள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறோம் என்று பையன்களுக்குத் தெரியும்.

என் வழக்கு இதுதான். பழைய மேஜைக்காக அழுகிறவர்கள் லோவெந்தாலை மறந்துவிடுகிறார்கள். புதிய சுதந்திரத்தைக் கொண்டாடுகிறவர்கள், அந்தஸ்து ஒழிந்துவிட்டதாகவே நம்புகிறார்கள். அது ஒழியவில்லை, சுவருக்குப் பின்னால் போய்விட்டது. 'க்வீன் மேரி 2' (2004) கப்பலில் நீங்கள் வாங்கிய அறையின் தரம்தான் நீங்கள் சாப்பிடும் கூடத்தைத் தீர்மானிக்கிறது. பிரிட்டானியா, அதற்குமேல் பிரின்ஸஸ் கிரில், அதற்கும்மேல் க்வீன்ஸ் கிரில். குனார்டு கம்பெனி இதை ஒளிக்கவில்லை. பழைய வகுப்புகளின் வாரிசு என்று பெருமையாகவே வைத்திருக்கிறது. புதிய கம்பெனிகளுக்குத்தான் நாஸூக்கு அதிகம். பெரிய அறைக்காரர்களுக்குத் தனி உணவகம், தனி நீச்சல்குளம். 'கப்பலுக்குள் கப்பல்' என்பது இதற்குத் தொழில் வட்டாரத்தில் வழங்கும் பெயர். கீழ்த்தளத்துப் பிரயாணிக்கு அந்தக் கதவுகூடக் கண்ணில் படாது. எங்கள் வங்கியிலும் பெரும்புள்ளிகளுக்கு இப்போது தனி அறை, தனி அதிகாரி. கவுண்டர் வரிசையில் அவர்களைப் பார்ப்பதற்கில்லை. வரிசையில் நிற்பவர்களுக்குத் தங்களைத் தாண்டி யாரும் போகவில்லை என்ற நிம்மதி.

இன்றைய கப்பலில் லோவெந்தாலுக்கு என்ன ஆகும்? ஜன்னலோரம் இரண்டு பேர் மேஜை கிடைக்கும். சர்வர் அன்பாகப் பேசுவான். காப்டன் அவனை ஒதுக்கியதாக யாரும் சொல்ல முடியாது. காப்டன் எங்கே சாப்பிடுகிறான் என்பதே யாருக்கும் தெரியாது. ஃப்ரைடாக்கின் ரகசியத்தை அறிந்தவர்கள் அவனிடம் எதுவும் சொல்லாமல் மறுநாள் வேறு நேரத்தில் சாப்பிட வருவார்கள். எந்த நாற்காலியும் நகராது. எங்கும் ஒரு குற்றமும் நடந்த மாதிரி இருக்காது. போர்ட்டருக்கு எழுத ஒன்றும் அகப்படாது. லோவெந்தாலுக்கு மட்டும் தன் தனிமை தான் விரும்பிக் கேட்டு வாங்கியதா, மற்றவர்கள் கொடுத்ததா என்று புரியாமல் இருக்கும். அவனிடம் இதைச் சுதந்திரம் என்று சொல்லிப் பாருங்கள்.

பொது மேஜை கப்பலைவிட்டு அடியோடு போய்விடவில்லை. பிரயாணிகள் கால்வைக்காத கீழ்த்தளங்களில் வேலைக்காரர்கள் சாப்பிடும் கூடங்கள் இருக்கின்றன. அதிகாரிகளுக்கு ஒன்று, நடுத்தரச் சிப்பந்திகளுக்கு ஒன்று, மற்ற எல்லோருக்கும் ஒன்று. கடைசிக் கூடத்தில் பிலிப்பைன்ஸ்காரனும் இந்தோனேசியனும் கோவாக்காரனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த பந்திக்குப் பரிமாற ஓட வேண்டிய அவசரத்தில் சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். கப்பல் நாவல் இனி எழுதப்படுமானால் அதை எழுதுகிறவன் அங்கேதான் எங்காவது உட்கார்ந்திருப்பான்.