வலை பின்னும் ஜிமெஷ்

கொழும்பின் கிராண்ட்பாஸ் பட்டறைகளில், கைவண்டியின் அச்சைச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புத் தாங்கி எவ்வளவு பாரம் சுமக்கும் என்பதை, அதனை வளைத்து, ஒட்டி, புறக்கோட்டைக்கு அனுப்பி, அங்கே சுமைதூக்கும் நாட்டாமிமார் மூட்டை ஏற்றி இழுத்த பின்னர் அது முறிந்ததா இல்லையா என்று பார்த்தே நிச்சயிப்பது வழக்கம். அந்த அனுபவ ஞானத்தை நான் அலட்சியம் செய்பவனல்லேன்; ஆயினும், முறியுமுன்னரே முறியும் இடத்தைக் காட்டவல்ல முடிவுறு கூறு முறை இலவசமாகவே கைக்கு எட்டும் இக்காலத்தில், அதைப் பரீட்சித்துப் பாராதிருப்பது வெறும் சோம்பலே. ஆகவே, அத்தகைய தாங்கியொன்றை ஃபிரீகேட் என்னும் வரைபு மென்பொருளில் திண்ம உருவாக வரைந்து, பெல்ஜியத்துப் பல்கலைக்கழக அறிஞர்களாகிய கிறிஸ்தோஃப் கூசேனும் ஜான் பிரான்சுவா ரெமாக்கிளும் ஆக்கிய, உருவத்தைக் கணுக்களால் இணைந்த சிறு கூறுகளின் வலையாகப் பகுக்கும் ஜிமெஷ் என்னும் மென்பொருளில் இட்டுச் சோதித்தேன்.

லேத்துக்காரருக்கென வரைந்த படம் கணிப்புக்கு அப்படியே உதவுவதில்லை. ஆணித்துளையின் மரை, பொறித்த இலக்கம், அரை மில்லிமீற்றர் விளிம்புச் சரிவு முதலிய ஒவ்வொரு சிறு முகமும் தன்னளவுக்குத் தக்க நுண்ணிய நான்முகிகளை வேண்டி நிற்பதால், பாரத்தோடு யாதொரு சம்பந்தமுமில்லாத மூலையில் ஆயிரக்கணக்கான கணுக்கள் குவிகின்றன. அவற்றை முன்கூட்டியே அழித்துவிட வேண்டும். ஆனால், தாங்கி வளையும் உள்மூலையின் வட்டிப்பையும் இதே உற்சாகத்தில் அழித்துவிட்டால் வருவது விபரீதம். கூரிய உள்மூலையிலே தகைப்புக்குச் சித்தாந்தப்படி எல்லையே இல்லையாதலால், வலையை நுணுக்க நுணுக்க எண் ஏறிக்கொண்டே போகுமேயன்றி ஓரிடத்திலும் நிலைகொள்ளாது. எதை நீக்குவது, எதைக் காப்பது என்ற விவேகத்தை எந்த மென்பொருளும் நமக்குத் தருவதில்லை.

இவ்வாறு எளிதாக்கிய உருவின் ஸ்டெப் கோப்பை ஜிமெஷில் திறந்து 1 என்ற விசையை அழுத்தினால் விளிம்புகளிற் புள்ளிகள் தோன்றுகின்றன. 2 மேற்பரப்பை முக்கோணங்களால் மூடுகிறது. 3 உள்ளே நான்முகிகளை நிரப்புகிறது. இப்படிப் படிப்படியாக நிகழ்வதால், வலை எங்கே சிதைகிறது என்பது மேற்பரப்பிலேயே தெரிந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுவே. உள்மூலையின் 3 மில்லிமீற்றர் ஆரையுள்ள வட்டிப்பில் 0.6 மில்லிமீற்றரும், அதிலிருந்து விலக விலக வளர்ந்து 5 மில்லிமீற்றரும் ஆகுமாறு பருமனை நிர்ணயிக்க ‘டிஸ்டன்ஸ்’, ‘த்ரெஷோல்ட்’ என்னும் இரு புலங்கள் போதும். பழகும்வரை அவற்றை எழுதுவது சிரமந்தான். பழகிய பின்னரோ, ஒரே பொத்தானில் எல்லாம் முடிக்கும் விலையுயர்ந்த மென்பொருள்களிடம் திரும்ப மனம் வருவதில்லை.

குறையென்று சொல்வதானால், நான்கு கணுக்களே உடைய முதற்படி நான்முகிகளை அது தன்னியல்பாகத் தருவதை முதலிற் சொல்வேன். இதன் விளைவை எளிய உதாரணமொன்றிற் காணலாம். 100 மில்லிமீற்றர் நீளம், 20 அகலம், 10 தடிப்பு உள்ள உருக்குச் சட்டத்தின் ஒரு முனையை இறுக்கி, மறுமுனையில் 500 நியூற்றன் விசையைத் தொங்கவிட்டால், வளைவு 0.5 மில்லிமீற்றர், அடியில் தகைப்பு 150 மெகாபஸ்கால் என்று கையாலேயே கணித்துவிடலாம். தடிப்புக்கு ஒரு கூறு மாத்திரம் வைத்த முதற்படி வலையோ, இரும்பைத் தன் இயல்புக்கு மீறி விறைப்பாக்கி, அதிற் பாதி வளைவைக்கூடக் காட்டவில்லை; படத்தின் வர்ணங்கள் மட்டும் குறைவின்றி அழகாகவே இருந்தன! பத்துக் கணுக்களுள்ள இரண்டாம்படிக்கு மாற்றியதும் விடை 0.5ஐ அண்மி நின்றது. ஃபிரீகேட்டின் வழியாகவே ஜிமெஷை இயக்குவோருக்கு இரண்டாம்படியே முதலிற் கிடைப்பதால் இந்த ஆபத்து குறைவு.

ஒழுங்கான அறுமுகி வலையை விரும்புவோர் உருவத்தைத் தாமே துண்டாக்கித் தர வேண்டும். சிக்கலான வடிவங்களுக்கு அது வீண் வேலை. கால்குலிக்ஸ் என்னும் இலவசக் கணிப்பானுக்கு வலையை அனுப்புவோர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். கனவளவுக்கு மட்டும் பௌதிகக் குழு ஒன்றை வகுத்துக்கொள்ளாவிட்டால், மேற்பரப்பு முக்கோணங்களும் விளிம்புக் கோடுகளும் கோப்பிற் சேர்ந்து போய், தடிப்பு கூறப்படாத தகடுகள் என்று கணிப்பான் முறையிட்டு நின்றுவிடும்.