கூத்து ஏடும் கலைக்கழகமும்: ஈழத்து வட்டாரத் தமிழ் அச்சேறிய முறை பற்றிய ஒரு மதிப்பீடு

இலங்கைக் கலைக்கழகம் 1952ஆம் ஆண்டில் சட்டத்தின் வழி அமைந்த அரசு நிறுவனமாகும். அதன் தமிழ் நாடகக் குழு, பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் தலைமையில், மட்டக்களப்பு, மன்னார் முதலிய வட்டாரங்களின் கூத்தையும் பாட்டையும் தேடித் தொகுக்கலாயிற்று. சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என 1956இல் சட்டம் இயற்றிய நாட்டிலே, அந்நாட்டரசின் நிறுவனம் ஒன்றன் உறுப்பே சிற்றூர்த் தமிழுக்கு ஏட்டிலும் அரங்கிலும் இடந்தேடிக் கொடுத்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இக்குழுவின் பணியைப் பற்றி எழுதினோர் பெரும்பாலும் அரங்கப் பணியையே முன்வைத்துப் போற்றினர். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு வித்தியானந்தன் மேடையேற்றிய ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964) ஆகியவையே மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. அவர் பதிப்பித்த கூத்து நூல்களுக்கு அப்புகழில் ஒரு சிறு பங்கே கிடைத்துள்ளது. என் கருத்து இதற்கு மாறானது. நிலைத்த பயன் நூல்களிலேயே உள்ளது. அரங்கப் பணி நற்பணியே எனினும், அது மரபின் மீட்பு அன்று, புதியதொரு படைப்பு என்க.

முதற்கண் அரங்கத்தை நோக்குவோம். மட்டக்களப்புக் கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது. காண்போர் களரியைச் சூழ்ந்திருப்பர். இரவில் தொடங்கி விடியும்வரை ஆட்டம் நிகழும். சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அரங்கேற்றம் எனப் பல மாதங்கள் நீளும் ஊர்ச்செயல் அது. மத்தளமும் சல்லரியும் அண்ணாவியாரின் குரலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். இவ்வாறு நிகழ்ந்ததனைப் படச்சட்ட மேடைக்கு மாற்றி, ஓரமர்வில் முடியுமாறு சுருக்கினார் பேராசிரியர். கற்றோர் அதனை மதிக்க வேண்டுமென்பது அவர் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறவும் செய்தது. 1956இல் சரச்சந்திரர் சிங்கள நாடகமரபைக் கொண்டு ‘மனமே’யைப் படைத்து நாட்டையே திரும்பிப் பார்க்கச் செய்திருந்தார். அச் சிங்கள ‘நாடகம’வோ தமிழ்க் கூத்தினின்று கிளைத்தது. கிளைக்குக் கிடைத்த மதிப்பு வேருக்குக் கிடைக்கவில்லையே என்னும் தவிப்பு வித்தியானந்தன் பணியின் பின்னே இருந்தது. அதனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் திறனாய்வாளன் தவிப்பை மதிப்பதோடு நின்றுவிடல் ஆகாது. ‘இராவணேசன்’ பனுவல் புதிதாக எழுதப்பெற்றது. அதனை எழுதி இராவணனாகவும் ஆடியவர் சி. மௌனகுரு. வடமோடியின் ஆட்டமும் தருவும் அதில் உள. ஆனால் ஒரு தனிமனிதனின் உள்ளப் போராட்டத்தை நடுவாக்கிக் கதையைக் குவிக்கும் கட்டுக்கோப்பு ஊர்க்களரிக்கு உரியதன்று. ஊர்க்கூத்திலே இராவணன் மட்டுமா வருகிறான்? கட்டியகாரன் வருகிறான், ஒவ்வொருவர் வரவுக்கும் தனித்தனியே விருத்தமும் தருவும் தாளக்கட்டும் வருகின்றன, காண்போருள் ஒருவன் தூங்கி விழித்தபோதும் கதை அவனை விட்டுச் சென்றிருப்பதில்லை. இப் பரப்பைக் கழித்துவிட்டு எஞ்சுவது நல்ல நாடகம். அதனைக் கூத்து எனல் சொல்லளவிலேயே பொருந்தும்.

இனி நூல்களுக்கு வருவோம். தென்மோடிக் கூத்தாகிய ‘அலங்காரரூபன் நாடகம்’ 1962இல் வெளிவந்தது. மன்னார்க் கத்தோலிக்க மரபைச் சார்ந்த ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ 1964இலும், ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966இலும், ‘ஞானசவுந்தரி நாடகம்’ 1967இலும் தொடர்ந்தன. அண்ணாவிமாரின் ஏடுகளிலும் கொப்பிகளிலும் இருந்து, கறையானுக்கும் மழைக்கும் தப்பி வந்தவை இவை.

இவற்றுள் ஒரு தலைப்பே என்னை நெடுநாள் நிறுத்தி வைத்தது. ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ என்பதன் பொருள் என்றிக்குப் பேரரசன் என்பதாம். ‘எம்பரதோர்’ என்னும் வடிவம் ஆங்கிலத்தினின்று வந்திருக்க இயலாது. ஆங்கிலத்தார் சொல் ‘எம்பரர்’ என நிற்கும். இறுதியில் ‘தோர்’ என ஒலிப்பது போர்த்துக்கீசியர் வாய்மொழி. ‘எண்டிறீக்கு’ என்பதோ இன்னும் நுட்பமானது. மூக்கொலிக்கும் அதனையடுத்த ரகர றகர ஒலிக்கும் இடையே ஒரு தடையொலி பிறத்தல் தமிழ் நாவின் இயல்பு. கன்று, பன்றி என்பவற்றை நாம் ஒலிக்கும்போதும் அவ்வாறே நிகழ்கிறது. மன்னார்ச் சிற்றூரான் அயற்பெயரைக் கேட்டான், தன் நாவுக்கேற்பப் பிடித்துக்கொண்டான், கேட்டவாறே எழுதினான். இவ்வெழுத்தைப் பிழையென்று கருதி ஒரு பண்டிதர் ‘என்றிப் பேரரசன் நாடகம்’ எனத் திருத்தியிருப்பாராயின், கதை எவர் வழியாகக் கரையேறியது என்பதற்கும், அக்கரையின் ஒலியியல்புக்கும் சான்றாக நின்ற இரண்டு சொற்களை இழந்திருப்போம். பதிப்பாசிரியர் தலைப்பை அவ்வாறே விட்டார். ஈழத்துப் பேச்சுத் தமிழைக் கொண்டு ‘நானாடகம்’ (1940) எழுதிய ஒலியியலறிஞர் க. கணபதிப்பிள்ளை அவர்களின் சூழலில் வளர்ந்தவர் அவர் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது.

கூத்தின் விருத்தமும் கொச்சகமும் பெரும்பாலும் செந்தமிழ் சார்ந்து நடப்பன. வட்டாரத் தமிழ் வசனத்திலும் நகையிலும் அண்ணாவியாரின் எழுத்து முறையிலுமே மிகுதியாக வாழ்கிறது. ஆதலின் எழுத்தைத் திருத்துவோன் தான் காக்க வந்த மொழியையே தன்னை அறியாது அழித்துவிடக் கூடும். மட்டக்களப்புத் தமிழ் இலக்கிய வழக்குக்கு மிக அணுக்கமான பேச்சுமொழி என்று கமில் சுவலபில் 1960களில் எழுதினார். வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) அவ்வட்டாரச் சொற்களையும் வழக்காறுகளையும் அன்போடு தொகுத்துள்ளது. இவ்வன்பிலும் ஓர் இடர் உண்டு. ‘எங்கள் மொழி செந்தமிழே’ என்று நாட்டும் ஆர்வத்தில், செந்தமிழ் அல்லாதனவற்றை ஓரத்தில் தள்ளிவிடும் மனநிலை எளிதில் புகுந்துவிடும். ‘பிறகு’ என்னும் பொருளில் அங்கு வழங்கும் ‘மறுகா’ என்ற சொல்லுக்குச் சங்கச் சான்று தேடவேண்டிய கட்டாயம் யாதும் இல்லை. வழங்குகிறது என்பதே அதற்குப் போதிய சான்று.

வேறொரு தீவில் இதே சிக்கல் நேர்ந்த வகை நமக்கு உதவும். ஸ்பெயினைச் சார்ந்த மயோர்க்காத் தீவின் பாதிரியார் அல்கோவெர், 1901இல் தம் மக்களை அழைத்துச் சொற்றொகுப்பில் இறங்கினார். பார்சலோனாவின் கற்றலான் ஆய்வுக் கழகத்தில் மொழிப் பிரிவின் தலைவராயிருந்தவர், 1918இல் அதனோடு முரண்பட்டுப் பிரிந்தார். அவர் 1932இல் மறைந்த பின்னும் மொல் என்பார் பணியைத் தொடர்ந்து, பத்துத் தொகுதிகளாக அகராதியை முடித்தார். ஒரு சொல் எவ்வூரில் எவ்வாறு ஒலிக்கும் என்று ஊர் ஊராகக் குறித்திருப்பது அதன் சிறப்பு. முடிந்த ஆண்டு 1962. ‘அலங்காரரூபன்’ அச்சேறியதும் அதே ஆண்டு. ஈழத்துப் பதிப்புகளோடு ஊர்தோறும் ஒலி குறித்த இத்தகைய அகராதி ஒன்று இணைந்திருக்குமாயின் அவற்றின் பயன் பன்மடங்காயிருக்கும்.

தேர்வு பற்றியும் ஒரு சொல். கலைக்கழகத்தின் நாட்டம் முதன்மையாக வடமோடி, தென்மோடிகளின் மேல் நின்றது. பறைமேளக் கூத்தும் மகிடியும் மலையகத்துக் காமன் கூத்தும் அதே அளவு ஒளி பெறவில்லை. எக்கூத்து ‘மரபு’ எனப்படும் என்பதை ஆடுவோரின் சாதியும் ஓரளவு முடிவு செய்தது. பின்னாளில் மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ (1998) இவற்றுட் சிலவற்றையும் ஆய்வுக்குள் கொணர்ந்து அக்குறையை ஓரளவு நிரப்பியது. முன்னோடி நிறுவனமே இதனைச் செய்திருக்கலாகாதா எனில், செய்திருக்கலாம் என்பதே என் விடை.

இதனை நாஞ்சில் நாட்டினின்று எழுதுகின்றேன். மண்டைக்காட்டுப் பகவதி கோவிலின் மாசிக் கொடைக்குத் திரளும் இக்கடற்கரைச் சூழலில் வில்லுப்பாட்டு நமக்குப் பழக்கம். நாஞ்சில் நாட்டுக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனாலும், பிறகு கொத்தமங்கலம் சுப்புவின் காந்தி கதையாலும் அது நகர மேடை ஏறியது. மேடையில் அது குறுகிற்று என்பதும் உண்மை. இங்குள்ள கோவிற் கொடை ஒன்றில் அச்சுப்படியைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்டேன். படியில் ஓரடியாக இருந்தது, வலத்தேயும் இடத்தேயும் நின்றவர் வாயில் நான்காய் விரிந்தது. குடத்தின் ஒலிக்கேற்ப ஒரு சொல் மும்முறை திரும்பியது. ஊர்ப்பெயர்கள் புதியனவாய் நுழைந்தன. படி தவறன்று. அது ஒரு நாளின் பாட்டு. நான் கேட்டது மற்றொரு நாளின் பாட்டு.

‘அலங்காரரூபன்’ முதலிய கூத்துகளையும் இக்கண்கொண்டே நோக்குதல் வேண்டும். ஒரே கூத்துக்கு வெவ்வேறு ஊர் அண்ணாவிமாரிடம் கொப்பிகள் இருக்குமிடத்து, ஒன்றைத் தெரிந்து மற்றவற்றைப் பாடவேறுபாடெனக் கீழே தள்ளாமல், அவற்றைப் பக்கத்துக்குப் பக்கம் எதிரெதிரே அச்சிடுவதே முறை.