லேசருக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று: பட்டறையில் இங்க்ஸ்கேப்

இங்க்ஸ்கேப்பில் கோட்டை வளைப்பது எப்படி, நிறம் நிரப்புவது எப்படி என்று யூட்யூபில் ஆயிரம் பேர் காட்டியாயிற்று. 2003-இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக வரையும் வெக்டர் கருவி, காசு வேண்டாம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். அறிமுகம் அவ்வளவு போதும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் சில வாரங்கள் இதையே வைத்து வேலை பார்த்தேன். என் கவனம் முழுக்கப் போனது ஒரே இடத்தில்: வரைந்து முடித்த படத்தை எந்த ஃபைலாக வெளியே அனுப்புவது?

இந்தப் பக்கத்து வேலை அப்படி. ரோலிங் மில்லுக்கு எஸ்.எஸ். நேம் பிளேட் லேசரில் வெட்ட வேண்டும். அதே லோகோ வினைல் ஸ்டிக்கராகவும் வேண்டும். ஷெட்டுக்குள் மாட்டத் தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் பாதுகாப்புப் பலகை வேண்டும். படம் ஒன்றுதான், ஒவ்வொரு மெஷினும் கேட்கும் ஃபைல் வேறு.

வாடிக்கையாளர் அனுப்புவதோ எப்போதும் வாட்ஸ்அப்பில் ஒரு ஜேபெக். இதில் எனக்குப் பொறுமையே கிடையாது. ஜேபெக், 1992-இல் புகைப்படங்களுக்காக வந்த தரநிலை. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குச் சட்டெனப் புலப்படாத நுணுக்கங்களைக் கழித்துச் சுருக்கும். முகம், வானம், மரம் என்றால் ஒன்றும் தெரியாது. லோகோவின் கூரான விளிம்பைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் நிற்கும். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் தன் பங்குக்கு மறுபடி சுருக்கும். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் அந்தச் சேதமாவது மிச்சம். இதைவிட மோசம், அதே ஜேபெக்கை பிடிஎஃப்புக்குள் வைத்து ‘வெக்டர் ஃபைல் சார்’ என்று கொடுப்பது. நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு படிபடியாக உடைந்தால் அது வெக்டரே இல்லை.

புள்ளிப் படத்தைக் கோடாக மாற்றும் ட்ரேஸ் வசதி இங்க்ஸ்கேப்பில் உண்டு. கறுப்பு வெள்ளை முத்திரைக்கு அது உதவும். மங்கிய ஜேபெக்கைக் கொடுத்தால் மூலைகள் மழுங்கும். நான்கு முனைகளில் முடிய வேண்டிய வட்டம் பல முனைகளோடு நெளியும், லேசர் அந்த நெளிவையும் அப்படியே வெட்டும். லோகோவைப் புதிதாக வரைவதே மேல் என்பது என் முடிவு.

வரைந்ததை இங்க்ஸ்கேப் எஸ்விஜியாகச் சேமிக்கிறது. இதுதான் நான் எதிர்பாராத சந்தோஷம். 2001-இல் டபிள்யூ3சி பரிந்துரைத்த வடிவம் இது. உள்ளே இருப்பது வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்தால் யூனிகோட் தமிழ் அப்படியே படிக்கக் கிடைக்கும். ஒரே மாதிரித் தகடுகளில் வரிசை எண்ணை மட்டும் மாற்ற, நோட்பேடிலேயே தேடி மாற்றிவிடலாம். பழைய கோரல் ஃபைலில் பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கிலக் குப்பையாக விரிவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஐஎஸ்ஓ 7010 பாதுகாப்புச் சின்னங்களும் விக்கிமீடியா காமன்ஸில் எஸ்விஜியாகவே கிடைக்கின்றன. இங்க்ஸ்கேப் 1.2 பதிப்பிலிருந்து ஒரே ஃபைலில் பல பக்கங்கள் வைக்கலாம். ஒரு மொழிக்கு ஒரு பக்கம் என்று வைத்து மொத்தமாக ஏற்றுமதி செய்துவிடலாம்.

அலுவலகத்தில் பவர்பாயிண்டுக்குக் கேட்டால் பிஎன்ஜி. பின்னணி இல்லாமல் போகும், சுருக்கினாலும் தரம் குறையாது. பலகை அச்சுக்கு பிடிஎஃப், எழுத்தையெல்லாம் பாதையாக மாற்றிய பிறகு. இங்கே ஒரு குறை: நான் பயன்படுத்திய 1.4 பதிப்பு வரை நேரடியாக சிஎம்ஒய்கே-யில் பிடிஎஃப் எடுக்க முடியவில்லை. எச்சரிக்கை மஞ்சள் மெஷினுக்கு மெஷின் வேறாக விழுகிறது. ஒரு சிறு துண்டு அச்சிட்டுப் பார்த்தே தீர வேண்டும்.

என் பெரிய கோபம் டிஎக்ஸ்எஃப் மேல்தான். 1982-இல் ஆட்டோகேடோடு பிறந்த வடிவம். லேசர் கட்டிங் கடை எதுவும் இதைத்தான் கேட்கும். நூறு என்ற எண் போய்ச் சேரும், அது மில்லிமீட்டரா அங்குலமா என்பது சேராமல் போகலாம். சேராவிட்டால் தகடு 25.4 மடங்கு மாறும். அது உடனே கண்ணில் படும் என்பதால் ஆபத்து குறைவு. பயப்பட வேண்டியது சிறிய பிழைக்கு. 0.92 பதிப்புக்கு முன் இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று கணக்கிட்டது. 2017-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து 96. பழைய ஃபைலைத் திறக்கும்போது வரும் கேள்வியைப் படிக்காமல் தள்ளினால், 96 மி.மீ. இடைவெளியில் இருக்க வேண்டிய இரண்டு ஓட்டைகள் 90 மி.மீ.க்கு வந்து நிற்கும். திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். போல்ட் மாட்டும்போதுதான் தெரியும், அதற்குள் ஷீட் வெட்டியாயிற்று. இல்லஸ்ட்ரேட்டரிலிருந்து வரும் எஸ்விஜிக்கும் இதே தொல்லை. அதன் கணக்கு 72.

வளைவுகள் இன்னொரு சிக்கல். ஷீட்டில் துண்டுகளை அடுக்கும் நெஸ்டிங் மென்பொருள்களில், ஸ்ப்ளைனாகப் போன வளைவைப் படிக்காத பழையவை உண்டு. அவற்றுக்கு வளைவைச் சிறு சிறு நேர்க்கோடுகளாக்கி அனுப்ப வேண்டும். ஏற்றுமதிப் பெட்டியில் அலகை மி.மீ. என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுங்கள். தனி லேயரில் 100 மி.மீ. சதுரம் ஒன்றும் வரைந்து அனுப்புங்கள். மெஷின் ஆபரேட்டர் அதை அளந்து பார்த்து, அழித்துவிட்டு, பிறகு ஷீட்டை ஏற்றட்டும்.